ஒன்பது பேர் கம்பெனிக்கு எந்த ரெக்வயர்மென்ட் டூல்?

திருவொற்றியூரில், காலடிப்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடக்கிற தூரத்தில், யார்டு கிரேன்களுக்கு கன்ட்ரோல் பேனலும் அதற்குள் ஓடும் மென்பொருளும் செய்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. மொத்தம் ஒன்பது பேர். ரெக்வயர்மென்ட், அதாவது கிரேன் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று எண் போட்டு எழுதிய வாசகங்கள், எல்லாம் ஒரே எக்ஸெல்லில்தான் கிடந்தது, மூன்று வருடம் நன்றாகவே ஓடியது, அதனால் எக்ஸெல்லைத் திட்டிக்கொண்டு ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒரு நாள் யாரோ எண் இருந்த ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் செலக்ட் செய்து சார்ட், அதாவது வரிசைப்படுத்தச் சொல்லி, கொடுத்துவிட்டார்கள். யாரோ என்ன, நான்தான். எண்கள் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றன, பக்கத்தில் இருந்த வாசகங்கள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. சேவும் செய்தாயிற்று. இரண்டு வாரம் கழித்து கஸ்டமர் அனுப்பிய ஆய்வாளர் முன்னால் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பிரித்து வைத்தால், ஓவர்லோடு பஸ்ஸருக்காக நாங்கள் செய்த டெஸ்ட், பேனல் கதவின் பெயின்ட் நிறத்தைச் சரிபார்த்ததாகப் பதிவாகியிருக்கிறது. அவர் சிரிக்கக்கூட இல்லை.

அன்றைக்கு மாலையே டூல் தேட ஆரம்பித்தேன்.

ரெக்வயர்மென்ட் டூல்களில் பெரிய பெயர்கள் இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்தவைதான். டோர்ஸ் 1990களில் வந்தது, டெலிலாஜிக் கையில் இருந்து 2008ல் ஐபிஎம் கைக்குப் போனது, அதற்குள்ளேயே எழுத டிஎக்ஸ்எல் என்று தனி ஸ்கிரிப்ட் மொழியும் உண்டு. சீமென்ஸின் போலாரியன், ஜாமா, 2022ல் பிடிசி வாங்கிய கோட்பீமர் எல்லாம் அதே வரிசை. ஒரகடம் பக்கம் கார் பாகங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இவற்றில் ஒன்று கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய கஸ்டமர் கார் மின்னணுப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 தரம் பேசுகிறவர், டூலுக்கு டூல் ரெக்வயர்மென்ட்டை மாற்றிக்கொள்கிற ரெக்ஐஎஃப் கோப்பாகவே அதை அனுப்புகிறவர். நமக்கு வருவது வாட்ஸ்அப்பில் பாதி, போனில் மீதி.

வேலைகளை டிக்கெட் டிக்கெட்டாகப் போட்டுக் கண்காணிக்கிற ஜிராவே போதுமே என்று நண்பர்கள் இரண்டு பேர் சொன்னார்கள். வேலையைப் பிரித்துக் கொடுக்க ஜிரா நல்லது, நாங்களும் வைத்திருக்கிறோம். ஆனால் டிக்கெட் என்பது முடித்து மூடுவதற்கான விஷயம். கிரேன் ஓடுகிற வரைக்கும் ஓவர்லோடு பஸ்ஸர் அடித்தாக வேண்டும், அதை எந்தத் தேதியில் 'முடிந்தது' என்று நகர்த்துவது?

சரி, காசு கொடுத்தே பார்ப்போம் என்று கிளவுடில் ஓடுகிற ஒரு டூலை 30 நாள் சோதனைக்கு எடுத்தோம். பெயர் வேண்டாம். டெமோ காட்டிய தம்பி கார் பிரேக்கை வைத்து அழகாகக் காட்டினார், ரெக்வயர்மென்ட்டையும் டெஸ்ட்டையும் இணைக்கக் கோடு போட்டால் கோடு, எதற்கு எது என்று காட்டும் மேட்ரிக்ஸ் என்றால் மேட்ரிக்ஸ். எங்கள் வேர்டு கோப்பை ஏற்றச் சொன்னோம், டேபிளுக்குள் டேபிள் இருந்த பக்கங்கள் எல்லாம் கூழாகிவிட்டன. அப்புறம் லைசென்ஸ். ஆளுக்கு ஒன்று என்பது ஒரு வகை, ஃப்ளோட்டிங் என்பது இன்னொரு வகை. ஃப்ளோட்டிங் நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி, ஒருத்தர் இறங்கினால்தான் அடுத்தவருக்கு இடம். ஒன்பது பேருக்கு மூன்று ஃப்ளோட்டிங் தாராளம், ஆனால் அந்த விலைப்பட்டியலில் ஃப்ளோட்டிங்கே பெரிய பிளானில்தான். ரெக்ஐஎஃப் ஏற்றுமதியும் அதே பெரிய பிளானில். அதாவது உள்ளே போவது இலவசம், நம்ம சரக்கை நாமே வெளியே எடுக்கக் காசு.

அந்த 30 நாளுக்கு நடுவில்தான் 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் வந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், கரன்ட் இல்லை, நெட் இல்லை. புயலுக்கு டூல் என்ன செய்யும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டில் லேப்டாப்பில் மிச்சமிருந்த சார்ஜில் ஒரு ரெக்வயர்மென்ட்டைக்கூடத் திறந்து படிக்க முடியவில்லை. போன நாட்களைச் சேர்த்துக் கொடுங்கள் என்று மெயில் போட்டேன், சோதனைக் காலத்தை நீட்டுவது கொள்கையில் இல்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதோடு அந்தக் கதை முடிந்தது.

கடைசியில் உட்கார்ந்தது டோர்ஸ்டாப்பில். டோர்ஸ் வேறு, டோர்ஸ்டாப் வேறு. இது பைத்தானில் எழுதிய ஓப்பன் சோர்ஸ், இலவசம். ஒவ்வொரு ரெக்வயர்மென்ட்டும் தனித்தனி சின்ன எழுத்துக் கோப்பு, கோப்பின் பெயர்தான் அதன் எண், யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கிற கிட் (Git) இருக்கிறதே, கோட் இருக்கிற அதே கிட்டுக்குள் அதுவும் இருக்கும். எண்ணும் வாசகமும் பிரிந்து போகவே வழியில்லை. இது ஒன்றுக்கே நான் விழுந்துவிட்டேன், காரணம் மேலே சொன்னதுதான். எல்லார் லேப்டாப்பிலும் முழுப் பிரதி இருப்பதால் அடுத்த புயலுக்கும் பயமில்லை.

ஆனால் டூலை எடை போட வேண்டிய இடம் வேறு. போன மாதம் கஸ்டமர் போன் செய்து, சுமை வரம்பைத் தாண்டினால் 2 நொடிக்குள் அடிக்க வேண்டிய பஸ்ஸர் இனி 1 நொடிக்குள் அடிக்கட்டும் என்றார். கோப்பைத் திறந்து 2ஐ 1 ஆக்கினேன், டெர்மினலில் டோர்ஸ்டாப் என்று அடித்து என்டர் தட்டினேன். அந்த ரெக்வயர்மென்ட்டோடு கட்டிவைத்த மூன்று டெஸ்ட்டின் பெயரையும் சொல்லி, இந்த இணைப்பு சந்தேகத்துக்குரியது என்று எச்சரித்தது. பஸ்ஸர் டெஸ்ட் இரண்டும் எனக்கே ஞாபகம் இருந்தன. மூன்றாவது, டிஸ்ப்ளேயில் எச்சரிக்கை வருகிற நேரம், சத்தியமாக ஞாபகம் இல்லை. எக்ஸெல்லாக இருந்திருந்தால் அது அப்படியே 2 நொடியிலேயே சைட்டுக்குப் போயிருக்கும். மூன்றையும் திருத்தி, பார்த்தாயிற்று என்று ரிவ்யூவும், இணைப்பு சரி என்று க்ளியரும் கொடுத்த பிறகுதான் வாயை மூடியது. எந்த டூல் வாங்கினாலும் டெமோவில் இதை மட்டும் செய்து காட்டச் சொல்லுங்கள், அதுவும் அவர்கள் கார் பிரேக்கில் இல்லை, உங்கள் கோப்பில்.

யாருக்கு ஆகாது? கிட் தெரியாதவர்களுக்கு. பேனல் வயரிங் பார்க்கிற அண்ணனிடம் கமிட், புஷ் என்று ஆரம்பித்தேன். "பேப்பர்ல குடுப்பா, மத்ததெல்லாம் நீ பாத்துக்கோ" என்று முடித்துவிட்டார். ஹெச்டிஎம்எல்லாக வெளியிடும் வசதி இருக்கிறது, அதைப் பிரின்ட் எடுத்துக் கொடுக்கிறேன், சிவப்பு பேனாவில் கிறுக்கித் தருகிறார், நான் ஏற்றுகிறேன். ஐம்பது பேர் இருக்கிற இடத்தில் இந்த வண்டி ஓடாது. இன்னொன்று, 'தேவையான நேரத்தில் நிற்க வேண்டும்' என்று எழுதிவைத்தால் எந்த டூலும் காப்பாற்றாது, இது நடந்தால் இத்தனை நொடிக்குள் அது நடக்க வேண்டும் என்று எழுதுங்கள். ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர்கள் 2009ல் ஈயர்ஸ் என்று ஒரு வாக்கிய முறை கொடுத்திருக்கிறார்கள், ஒரு மாலையில் படித்துவிடலாம்.

முதலாளி இன்னும் எக்ஸெல்தான் கேட்கிறார். டோர்ஸ்டாப்பில் அதற்கும் ஏற்றுமதி இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் எடுத்து, சார்ட் பட்டன் வேலை செய்யாதபடி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி அனுப்புகிறேன்.