எடையும் விளிம்பும் எழுத்தில்: ஓர் இணைய நாணயக் கடை பற்றிய மதிப்பீடு

பழைய காசுகளை இணையத்தில் விற்கும் சிங்கப்பூர்க் கடை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. தனியொருவர் தம் வீட்டிலிருந்து நடத்தும் சிறு கடை என்பதாலும், குறைகளையும் சேர்த்தே எழுதுவதாலும் பெயரைத் தவிர்க்கிறேன். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை பிரிட்டிஷ் ஆட்சியில் ஒன்றாக இருந்த நீரிணைக் குடியேற்றக் கால டாலர்கள், பிரிட்டிஷ் இந்திய ரூபாய்கள், சோழர் செப்புக் காசுகள் ஆகியவையே அவருடைய முதன்மைச் சரக்கு.

இக்கடையின் பலம் விலையன்று, விவரம். ஏழாம் எட்வர்ட் தலை பொறித்த 1903ஆம் ஆண்டு டாலர் ஒன்றை அவர் விற்பனைக்கு வைத்திருந்த முறையைப் பாருங்கள். இரு பக்கப் படங்களோடு விளிம்பின் படமும், காசை மின்தராசில் வைத்து எடுத்த படமும் இருந்தன. அந்த ஆண்டு டாலர் 90 விழுக்காடு வெள்ளி கலந்த உலோகத்தில் 26.95 கிராம் எடையுடன் அடிக்கப்பட்டது. தராசு காட்டியது 26.8. புழங்கித் தேய்ந்த காசுக்கு அது பொருத்தமான எடைதான். 1907இல் டாலரின் எடையையே 20.21 கிராமாகக் குறைத்துவிட்டார்கள் என்பதால், ஆண்டைச் சொல்லி எடையைச் சொல்லாத பட்டியலை நான் அரைகுறைப் பட்டியல் என்றே கருதுவேன். வார்ப்பில் செய்த போலிகளின் விளிம்பைச் சுற்றிப் பெரும்பாலும் ஓர் இணைப்புக் கோடு ஓடும். ஆகவே விளிம்புப் படத்தை யாரும் கேட்காமலே போடும் விற்பனையாளரை நம்பலாம். படங்களுக்குக் கீழே, முன்பு யாரோ தேய்த்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள் என்றும், அரசரின் கன்னத்தில் மெல்லிய கீறல்கள் உள்ளன என்றும் எழுதி, விலையையும் அதற்கேற்பக் குறைத்திருந்தார்.

இப்படி எழுதி வைப்பது நல்ல பழக்கம் மட்டுமன்று. சிங்கப்பூரின் பொருள் விற்பனைச் சட்டப்படி, விவரத்தைச் சொல்லி விற்கப்படும் பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். விற்பவர் வணிகரானாலும் தம் அலமாரியைக் காலி செய்யும் தனிநபரானாலும் இது பொருந்தும். தரம் திருப்திகரமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோ தொழிலாக விற்பவரை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. எனவே தனிநபரிடம் வாங்குபவருக்கு எழுத்தில் உள்ள சொற்களே பெரிய பாதுகாப்பு. "அசல்தானே?" என்று தொலைபேசியில் கேட்டுத் திருப்தி அடைவதைவிட, எடை, ஆண்டு, சுத்தம் செய்யப்பட்டதா என்பதை வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதிலைச் சேமித்து வைப்பது வாங்குபவரின் கடமை. தகராறு முற்றினால் 20,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் காட்டவும் அதுவே உதவும்.

இராமர் பட்டாபிஷேகக் காட்சியோடு "கிழக்கிந்தியக் கம்பெனி 1818" என்று பொறித்த செப்புக் காசுகளை இலட்சக்கணக்கில் விலைபோகும் அரும்பொருள் என்று நம்முடைய குடும்பக் குழுக்களில் இன்றும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனி அப்படியொரு காசை அடித்ததே இல்லை. (சென்னையில் மூன்று சாமி உருவம் பொறித்த பொன் வராகனை அடித்தது உண்மை, இந்தக் கதை எளிதில் நம்பப்படுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.) இக்கடையிலும் அந்தக் காசு உண்டு, ஆனால் நினைவுப் பொருள், நாணயம் அன்று என்று தெளிவாகக் குறிப்பிட்டுச் சில டாலருக்குத்தான் விற்கிறார்.

குறைகளுக்கு வருகிறேன். மஞ்சள் விளக்கில் எடுத்த படங்களில் நுண்ணிய கீறல்கள் மறைந்துவிடுகின்றன. எழுத்தில் சொல்லிவிடுகிறார் என்றாலும் கண்ணுக்குத் தெரிவது வேறு. மென்மையான பிவிசி உறைகளில் அனுப்புவது அதைவிட மோசம், ஏனெனில் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த பிளாஸ்டிக் சிதைந்து காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். காசைக் கெடுக்காத மைலார் பிளாஸ்டிக் உறைக்கு ஆகும் கூடுதல் செலவு சில காசுதான். காசைச் சோதித்துத் தரம் குறித்து, எண்ணிட்ட பெட்டியில் அடைத்துத் தரும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்களின் பெட்டியில் உள்ள காசுகளுக்குச் சான்றிதழ் எண்ணை மட்டும் தருகிறார். உண்மையான எண்ணைப் பொறித்த போலிப் பெட்டிகளும் சந்தையில் உலவுகின்றன. எனவே அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணுக்குப் படம் இருந்தால் அதையும் கையிலுள்ள காசையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வேலை நம்முடையது.

கிடைத்த 7 நாள்களுக்குள் காசின் உறையைப் பிரிக்காமல் அனுப்பினால் பணத்தைத் திருப்பித் தருகிறார். உறை பிரிக்கக் கூடாது என்பது கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் பளபளப்பாக்கலாம் என்று புளியில் ஊறவைத்துத் தேய்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். பொட்டலத்தைத் திறக்கும்போதே காணொளி எடுத்து, காசை உறையோடு அன்றே சோதித்து, குறையிருந்தால் முதலில் அவரிடம் சொல்வதுதான் முறை. வேறிடத்தில் மலிவாகக் கண்டதற்காகப் போலி என்று பழி சுமத்துவது அவருடைய பிழைப்பில் மண்ணைப் போடுவதாகும்.

சோழர் காசுகள் விஷயத்தில்தான் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. இலங்கை மன்னர்கள் இராசராசனின் காசை ஒட்டியே தம் காசுகளை வெளியிட்டதால், அமர்ந்த உருவத்துக்குப் பக்கத்தில் உள்ள நாகரி எழுத்தைப் படிக்காமல் யாருடையது என்று சொல்ல முடியாது. அவருடைய படங்கள் பலவற்றில் அந்த எழுத்து தெளிவாக இல்லை. அதைவிட முக்கியமானது காசு வந்த வழி. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயமும் தொல்பொருளே. அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. "பழைய சேகரிப்பிலிருந்து" என்ற ஒற்றை வரி இதற்குப் போதாது. எப்போது, யாரிடமிருந்து சிங்கப்பூருக்கு வந்தது என்பதற்குப் பழைய ரசீதோ ஏலப் பட்டியலோ இருந்தால் அதன் நகலை இணைக்கட்டும். குடியேற்றக் கால டாலர்களுக்கு இந்தக் கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சோழர் காசை அந்தத் தாள் இல்லாமல் அவரிடம் வாங்க மாட்டேன்.