ஜப்தி நோட்டீசா, நம்பிக்கையா? சொத்து வரி வசூலில் நான் கண்டது

ஒரு நகராட்சியில் இருபத்தாறு வருடம் பில் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் வார்டுக்கு இப்போது வந்திருக்கும் தம்பி போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். "அண்ணே, நோட்டீஸ் கொடுத்து நெருக்கினால்தான் பணம் வருமா, இல்லை நல்லபடியாகப் பேசினாலே வருமா?" என்று கேட்டார். காபி ஆறுவதற்குள் பதில் சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன், மதியச் சாப்பாடு வரை போய்விட்டது. அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

இரண்டு வழியிலும் வசூல் செய்திருக்கிறேன். முதல் பத்துப் பன்னிரண்டு வருடம் முழுக்கக் கெடுபிடி. அப்புறம் மெதுவாக மாறினேன். இன்று யாராவது கேட்டால், வீடுகளைப் பொறுத்தவரை நம்பிக்கை வழியைத்தான் சொல்வேன். ஓரிடத்தில் மட்டும் அது செல்லாது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். கெடுபிடியில் பணம் சீக்கிரம் வரும், நம்பிக்கைக்கு நாளாகும். மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கேள்வியே கிடையாது, வருமான வரியை டி.டி.எஸ். என்று முன்கூட்டியே பிடித்த பிறகுதான் சம்பளமே கைக்கு வருகிறது. டென்மார்க்கில் வருமான வரித்துறையோடு சேர்ந்து ஆய்வாளர்கள் 2007-இல் பெரிய சோதனை ஒன்று நடத்தினார்கள். முதலாளியும் வங்கியும் நேரடியாகத் தெரிவித்துவிடும் வருமானத்தில் ஏய்ப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. அவரவரே சொல்ல வேண்டிய வருமானத்தில் கணிசமாக இருந்தது. அதே மனிதர்கள், அதே நாடு. மறைக்க வழி இருந்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

சொத்து வரி இந்த இரண்டிலும் சேராது. வீடு தெருவில் நிற்கிறது, மறைக்க முடியாது. ஆனால் யாரும் பிடித்தம் செய்து தருவதும் இல்லை, வீட்டுக்காரர்தான் மனம் வைத்து எடுத்துக் கட்ட வேண்டும். அதனால் பயமா நம்பிக்கையா என்பது இங்கேதான் தெளிவாகத் தெரியும். நம் விதிகளிலேயே இரண்டும் இருக்கின்றன. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. அதற்கும் அசையாதவருக்கு நோட்டீஸ், ஜப்தி.

கெடுபிடி நடைமுறையில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பிப்ரவரி பிறந்ததும் ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், நிலுவைப் பட்டியலைக் கையில் கொடுப்பார். ஒரு வீட்டுக் குடிநீர் இணைப்பைத் துண்டிக்க ஒரு குழாய் பிட்டர், தோண்ட இரண்டு ஆள், கூட நான். தெருவில் நாலு பேர் கூடுவார்கள், கவுன்சிலரிடமிருந்து போன் வரும். எல்லாம் தாண்டித் துண்டித்துவிட்டு வந்தால், பக்கத்து வீட்டிலிருந்து ஹோஸ் போட்டுத் தண்ணீர் பிடிப்பார்கள். சிலர் ராத்திரியோடு ராத்திரியாக இணைப்பைத் தாங்களே கொடுத்துக்கொள்வார்கள். அரை நாள் நாலு பேர் வேலை, நிலுவையோ சில நூறு ரூபாய். கடைசியில் கட்டத்தான் செய்வார்கள். ஆனால் அடுத்த மார்ச்சில் அதே வீடு, அதே பள்ளம், அதே போன். போன வருடம் அவமானப்பட்ட மனிதர் இந்த வருடம் கடைசி நாள் வரை இழுத்துத்தான் கட்டுவார்.

என்னை மாற்றியது ஒரு பாட்டியின் வீடு. மூன்று வருட பாக்கி. இணைப்பைத் துண்டிக்கப் போனபோது, அந்த அம்மா சத்தம் போடவில்லை. உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்துவந்தார். அதில் மூன்று மனுக்களின் நகல், மூன்றிலும் அலுவலக முத்திரை. அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு காலத்தில் பெட்டிக்கடை இருந்திருக்கிறது. கடை போய்ப் பல வருடமாகியும் வீட்டின் ஒரு பகுதிக்கு வணிகக் கட்டட வரியே ஓடிக்கொண்டிருந்தது. "சரியான வரியைச் சொல்லுப்பா, இப்பவே கட்டுறேன்" என்றார். மூன்று மனுவுக்கும் எங்கள் பக்கத்திலிருந்து பதில் போகவில்லை. அவர் ஏய்ப்பவர் இல்லை, பதிலுக்குக் காத்திருந்தவர். அன்றைக்குப் பிட்டரைத் திருப்பி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நிலுவைப் பட்டியலை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். என் வார்டில் ஆயிரத்துச் சொச்சம் வரி விதிப்பு. நிலுவையில் இருந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், "ஏன் கட்டவில்லை?" என்று கேட்டு நோட்டில் எழுதினேன். பணம் இல்லை என்றவர்கள் குறைவு. கட்ட மாட்டேன் என்றவர்கள் இன்னும் குறைவு. நிறைய வீடுகளில் காரணம் பதிவேட்டில் இருந்தது. அப்பா காலமாகி வரி அவர் பெயரிலேயே இருக்கும். மூன்று மகன்களில் ஒருவர் கட்டினால் ரசீதைக் காட்டி வீடு தனது என்பாரோ என்று மற்றவர்களுக்குச் சந்தேகம், அதனால் ஒருவரும் கட்ட மாட்டார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு வரி எண் இருக்கும். இடித்துப் போட்ட மாட்டுக்கொட்டகைக்கு இன்னமும் வரி கேட்டு நோட்டீஸ் போய்க்கொண்டிருக்கும். இவர்களுக்கெல்லாம் ஜப்தி நோட்டீஸ் கொடுத்து என்ன பயன்?

ஏப்ரல், மே மாதங்களில் வசூல் வேலை குறைவு. அந்த இரண்டு மாதத்தை இதற்கு ஒதுக்கினேன். அளவு நாடாவோடு போய் அளந்து, பெயர் மாற்ற மனுவை அங்கேயே எழுதி வாங்கி, ஆர்.ஐ. மேசையில் வைத்து, முடிகிறவரை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். முதல் வருடம் வசூல் ஒன்றும் பெரிதாக ஏறவில்லை. மேலதிகாரியிடம் திட்டுக்கூட வாங்கினேன்.

இரண்டாம் வருடம்தான் வித்தியாசம் தெரிந்தது. என் வாதத்துக்கு முக்கியமான ஆதாரமும் அதுதான். ஒருமுறை சரிசெய்த வீட்டுக்கு நான் மறுபடி போக வேண்டியிருக்கவில்லை. அவர்களே அலுவலகக் கவுன்டருக்கு வந்தார்கள். மூன்றாம் வருடமும் வந்தார்கள். கெடுபிடியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒவ்வொரு வருடமும் அதே உழைப்பைப் போட வேண்டும், ஒரு மார்ச் அசந்தால் அந்த வருட வசூல் போச்சு. நம்பிக்கைக்கு முதலில் போட்ட உழைப்பு அடுத்தடுத்த அரையாண்டுகளிலும் வேலை செய்கிறது. அதற்கும் கவனிப்பு வேண்டும்தான். யாராவது மனு கொடுத்தால் அது கிடப்பில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது வாரத்துக்கு இரண்டு மணி நேர வேலை. பள்ளம் தோண்டுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வருட வசூல் சதவீதத்தை மட்டும் வைத்து எங்களை மதிப்பிடுவதால்தான் இந்தக் கணக்கு யார் கண்ணிலும் படுவதில்லை. பில் கலெக்டர் இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போய்விட்டால், பாடுபட்டவர் ஒருவர், பலன் காண்பவர் இன்னொருவர். எந்த இளைஞருக்குத்தான் அதில் மனம் வரும்?

என் வார்டில் வசூல் ஏறியதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அதே காலத்தில்தான் ஆன்லைனில் கட்டும் வசதி வந்தது, போனிலேயே பணம் அனுப்பப் பழகினார்கள். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. ஆனால் 2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தியபோது ஒன்றைக் கவனித்தேன். எங்களைப் போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏற்றினார்கள். எல்லார் வீட்டிலும் கோபம்தான். ஏற்கெனவே நான் அளந்து சரிசெய்திருந்த வீடுகளில் கோபத்தோடு கட்டிவிட்டார்கள். மற்றவர்கள், "முதலில் என் வீட்டைச் சரியாக அள, அப்புறம் ஏற்று" என்றார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்.

கெடுபிடியை ஊக்கப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பாகிஸ்தான் பஞ்சாபில் நடந்த ஒரு சோதனை பொருத்தமானது. அதுவும் சொத்து வரிதான். வசூலுக்கு ஏற்ப வரி ஊழியர்களுக்குக் கூடுதல் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். வசூல் உண்மையிலேயே நன்றாக ஏறியது. கூடவே, வரி மாறாத சொத்துக்காரர்கள் பலர் முன்பைவிட அதிகமாக லஞ்சம் கேட்கப்படுவதாகச் சொன்னார்கள். கையில் கூர்மையான ஆயுதம் இருக்கும் ஊழியருக்கு அதைப் பயன்படுத்தாமல் இருப்பதற்கும் விலை பேசத் தெரியும். எங்கள் துறையில் இருந்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

என் வாதத்துக்கு எதிரான சான்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1995-இல், உங்கள் வரியால்தான் பள்ளிக்கூடம் நடக்கிறது என்கிற பாணியில் வரிகட்டுவோருக்குக் கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். பெரிய பலன் ஒன்றும் இல்லை. உங்கள் கணக்கை நெருக்கமாகச் சோதிக்கப் போகிறோம் என்று வந்த கடிதத்துக்குச் சாதாரண வருமானக்காரர்கள் கூடுதல் வருமானம் காட்டினார்கள். மேல்தட்டு வருமானக்காரர்களோ முன்பைவிடக் குறைத்துக் காட்டினார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: கடிதமும் சுவரொட்டியும் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதும் நம்பிக்கையை வளர்க்காது. அந்தப் பாட்டியிடம் பள்ளிக்கூடக் கதை சொல்லியிருந்தால் துணிப்பையை மூடிக்கொண்டு உள்ளே போயிருப்பார்.

கணக்குச் சொல்வது வேறு விஷயம், அது பலிக்கிறது. சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் வாங்குகிறோம் என்பது என் வார்டில் பலருக்குத் தெரியாது. தெரிந்தபோது முதலில் கேட்டது, "அப்படியானால் நம்ம நூலகம் ஏன் ஒழுகுது?" என்றுதான். நல்ல கேள்வி. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் நகரங்களில் அந்தந்தப் பகுதி மக்கள் கேள்வி கேட்கும் பகுதி சபை கூடியபோது எங்கள் வார்டிலும் இதே மாதிரிக் கேள்விகள்தான் வந்தன. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் குடவோலைக்குத் தகுதி இழப்பார்கள் என்று வெட்டிவைத்திருக்கிறது. கி.பி. 919-க்கும் 921-க்கும் உரிய கல்வெட்டுகள் அவை. வாங்குகிறவர் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்பது நமக்குப் புதிதில்லை.

சரி, கெடுபிடி தேவைப்படும் இடம். எங்கள் ஊரில் நிலுவைத் தொகையில் பெரும் பங்கு வீடுகளில் இல்லை. சில கல்யாண மண்டபங்கள், வணிக வளாகங்கள், ஒரு லாட்ஜ் ஆகியவற்றில் இருந்தது. அவர்களுக்குப் பெயர் மாற்றமும் இல்லை, அளவுத் தகராறும் இல்லை. கட்டாமல் வைத்திருக்கும் பணத்தைத் தொழிலில் புரட்டினால் மாதம் 1 சதவீத வட்டியைவிட லாபம், அவ்வளவுதான். அவர்களிடம் நான் எத்தனை முறை பணிவாகப் போய்ப் பேசினாலும் டீ கிடைத்தது, செக் கிடைக்கவில்லை. ஒரு வருடம் புதிதாக வந்த கமிஷனர் முகூர்த்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால் மண்டபத்துக்குச் சீல் வைக்க ஆட்களோடு போய் நின்றார். சாயங்காலத்துக்குள் முழு நிலுவையும் வந்தது. அதைவிட முக்கியம், அடுத்த வாரம் தெருவில் நான் போனபோது நடந்தது. "மண்டபத்துக்காரரையே கட்ட வைத்துவிட்டீர்களாமே" என்று சொல்லிக்கொண்டு நாலைந்து பேர் தாங்களாகவே ரசீது போடச் சொன்னார்கள். பெரியவர் கட்டாதபோது சின்னவரிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அந்த அளவில் கெடுபிடியும் நம்பிக்கையில்தான் சேர்கிறது. அதுவரை நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தோம். கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்க முடியாதவர் வீட்டில்தான் பள்ளம் தோண்டினோம்.

இன்னொன்று, புறம்போக்கில் வீடு கட்டியிருப்பவர்கள். வரி போடச் சொல்லி அலுவலகத்துக்கு நடையாய் நடப்பவர்கள் இவர்கள்தான். மின் இணைப்புக்கு, முகவரிச் சான்றுக்கு அந்த ரசீது வேண்டும். கட்டும் தொகை சிறிது, ஆனால் ஒரு அரையாண்டு தவற மாட்டார்கள். அவர்கள் வாசலுக்கு நோட்டீசோடு நான் போனதாக நினைவே இல்லை.

தம்பி கடைசியாகக் கேட்டது காலிமனை வரியைப் பற்றி. அதற்கு என் இரண்டு வழியும் உதவவில்லை. மனைக்காரர் வேறு ஊரில் இருப்பார், பதிவேட்டில் போன் நம்பர் இருக்காது, பேசவும் ஆள் இல்லை, துண்டிக்கவும் குழாய் இல்லை. வீடு கட்ட அனுமதி கேட்டு ஒருநாள் வருவார், அன்றைக்குத்தான் மொத்தப் பாக்கியும் கட்டுவார். அந்த நாளில் அவருடைய போன் நம்பரையும் இப்போதைய முகவரியையும் மறக்காமல் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள் என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினேன்.