ஈக்குப்பியா, காகிதப் பையா? பினாங்கு வீட்டுத் தோட்டத்தில் பழ ஈயோடு மூன்று ஆண்டுகள்

சரஸ்வதி பூசைக்கு வைத்த கொய்யாவை அம்மா நறுக்கியபோது உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. வெளியே ஊசி குத்தியது போன்ற ஒரு கரும்புள்ளியைத் தவிர வேறு குறை எதுவும் தெரியவில்லை. எங்கள் மரத்துப் பழம். புக்கிட் மெர்தாஜாமில் வரிசை வீடுகளின் மூலையில் இருக்கிறோம். பக்கவாட்டு மண்ணில் ஒரு கொய்யாவும், இங்கே எல்லோரும் பெலிம்பிங் என்று சொல்லும் நட்சத்திரப் பழ மரமும் நிற்கின்றன. அந்த ஆண்டு இரண்டிலிருந்தும் முழுதாக ஒரு பழம்கூடக் கிடைக்கவில்லை.

அந்தப் புழுக்கள் பழ ஈயின் வேலை. அதன் பிறகு பூச்சிமருந்து, ஈயை இழுத்துப் பிடிக்கும் ஈக்குப்பி, பழத்தை மூடும் காகிதப் பை என்று மூன்றையும் முறையாகச் செய்து பார்த்தேன். இப்போது பைகளோடு நின்றுவிட்டேன். ஒன்றிரண்டு மரங்கள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரையும் அதுதான்.

மருந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெண் ஈ தோலைத் துளைத்து முட்டைகளைச் சதைக்குள் வைத்துவிடுகிறது. தோலின் மேல் படியும் மாலத்தியான் போன்ற பூச்சிமருந்து உள்ளே இருக்கும் புழுவைத் தொடாது. உள்ளே ஊடுருவும் மருந்துகள் புழுவைக் கொல்லும், ஆனால் அவை பழத்திலும் தங்கும். காய் பழுக்கத் தொடங்கும்போது ஈ அதிகமாக மொய்க்கிறது. அந்த நேரத்தில் தெளித்துவிட்டு, பாதுகாப்பு நாள்கள் முடியும்வரை பறிக்காமல் காத்திருந்தால் பழம் கனிந்து கீழே விழுந்துவிடும். சமையலறை ஜன்னலுக்கு இரண்டு மீட்டரில் நிற்கும் மரத்துக்கு இது ஒத்துவராது.

ஈக்குப்பி அப்படி ஒதுக்கிவிடக்கூடியது அல்ல. காலித் தண்ணீர் போத்தலில் நான்கு துளைகள் போட்டு, மெத்தில் யூஜினால் என்ற ஈயை இழுக்கும் வாசனைப் பொருளும் சிறிது பூச்சிமருந்தும் நனைத்த பஞ்சை உள்ளே தொங்கவிட வேண்டும். நான் தொங்கவிட்டுக் கை கழுவி வருவதற்குள் முதல் ஈ வந்துவிட்டது. ஒரு வாரத்தில் போத்தலின் அடியில் ஒரு பிடி சேர்ந்தது. பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "இவ்வளவு செத்துக் கிடக்கிறதே தம்பி, இனி உனக்கு என்ன கவலை?" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அடுத்த மாதம் பறித்த கொய்யாவிலும் புழு இருந்தது.

போத்தலில் செத்துக் கிடந்தவை எல்லாம் ஆண் ஈக்கள். மெத்தில் யூஜினால் ஆண்களைத்தான் இழுக்கும். பழத்தைத் துளைக்கும் பெண் அதன் பக்கம் வருவதில்லை. இது புதிய செய்தியும் அல்ல. பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் ஹௌலெட் என்ற பூச்சியியலாளர் சிட்ரோனெல்லா என்ற வாசனைப் புல்லின் எண்ணெய்க்குப் பழ ஈக்கள் வருவதை 1912ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். வந்தவை ஆண்கள். அவற்றை இழுக்கும் பொருள் மெத்தில் யூஜினால் என்பதை 1915இல் அவரே கண்டறிந்தார். துளசி வகைகள் பலவற்றிலும் இந்தப் பொருள் உண்டு. எங்கள் துளசி மாடத்தில் காலை நேரத்தில் மஞ்சள் கோடு போட்ட ஈக்கள் உட்கார்ந்திருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆண்களை ஒழித்தால் இனம் பெருகாது என்ற கணக்கு தவறில்லை. ஆனால் ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். நூற்றுக்குத் தொண்ணூறு ஆண்களைப் பிடித்தாலும் எஞ்சிய பத்து போதும். பசிபிக்கில் உள்ள ரோட்டா தீவில் 1960களின் தொடக்கத்தில் இந்த முறையால் ஈயை அடியோடு ஒழித்தார்கள். மருந்தும் மெத்தில் யூஜினாலும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து தீவு முழுவதும் போட்டார்கள், சுற்றிலும் கடல். என் வீட்டைச் சுற்றிக் கடல் இல்லை. வேறெங்கோ ஆணோடு சேர்ந்து கருவுற்ற பெண் ஈ வேலியைத் தாண்டி வந்து என் கொய்யாவில் முட்டையிடும்போது, என் போத்தலில் எத்தனை ஆண்கள் செத்தாலும் ஒன்றுதான்.

இன்னொரு செய்தியும் எனக்குக் கவலை தந்தது. மெத்தில் யூஜினாலைத் தின்று உயிரோடு தப்பும் ஆண், அதைத் தன் உடலில் பெண்ணை ஈர்க்கும் மணமாக மாற்றிக்கொள்கிறது. அதற்கு இணை எளிதாகக் கிடைக்கிறது. இந்த ஆய்வுகளில் பலவும் நம் பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நடந்தவை. அக்டோபர் மழையில் மருந்து நீர்த்துப்போய் வாசனை மட்டும் எஞ்சிய பஞ்சு, ஈக்கு நான் வைத்த விருந்தாகிவிடும்.

எனக்கு முடிவைத் தந்த கேள்வி ஒன்றுதான்: நான் செய்யும் வேலையின் பலன் அடுத்த வீட்டைப் பொறுத்திருக்கிறதா, என்னை மட்டும் பொறுத்திருக்கிறதா? குப்பி, மருந்து, விழுந்த பழம் பொறுக்குதல் ஆகிய மூன்றும் தெருவே சேர்ந்து செய்தால்தான் முழுப் பலன் தரும். எங்கள் வரிசையிலோ பின் சந்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு ஜம்பு மரம் நிற்கிறது. அதன் பழங்கள் விழுந்து அப்படியே அழுகுகின்றன. ஈ வெகுதூரம் பறந்து வரக்கூடியது. பெரிய தோட்டத்தில் ஓரத்து மரங்கள் அடி வாங்கினாலும் நடுவில் உள்ளவை தப்பலாம். வீட்டு மரத்துக்கு நடு என்று ஒன்று இல்லை, நான்கு பக்கமும் ஓரம்தான். பை கட்டிய பழத்துக்கோ ஊரில் எத்தனை ஈ இருந்தாலும் கவலையில்லை. ஏற்றுமதிக்குப் போகும் பி10 ரகப் பெலிம்பிங்கைக்கூட நம் நாட்டுத் தோட்டங்களில் ஒவ்வொன்றாகக் காகிதப் பையில் கட்டித்தான் வளர்க்கிறார்கள்.

பையில் பராமரிப்பு அதிகம், அதை மறைக்க மாட்டேன். முதல் ஆண்டு நாளிதழ்த் தாளை ஒற்றையாக மடித்துக் கஞ்சிப் பசை தடவிக் கட்டினேன். இரண்டு நாள் மழையில் தாள் நனைந்து பழத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டிய இடத்தில் ஈ தாளின் வழியாகவே துளைத்துவிட்டது. பழத்துக்கும் பைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன். பிளாஸ்டிக் பை மழையைத் தாங்கியது, ஆனால் உள்ளே வியர்த்துப் பழம் கறுத்தது. அடியில் நான்கு ஓட்டைகள் போட்ட பிறகு பரவாயில்லை. இப்போது மழை மாதங்களில் மெழுகு பூசிய பழுப்புக் காகிதப் பை, ஜனவரி, பிப்ரவரி வெயிலில் இரட்டை மடிப்பு நாளிதழ்.

எப்போது கட்டுகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கொய்யா எலுமிச்சை அளவுக்கு வந்ததும், பெலிம்பிங் சுண்டுவிரல் நீளம் ஆனதும் கட்டிவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் முட்டையையும் சேர்த்தே பொதிந்து வைத்தது போலாகும். கட்டும் முன் கொத்துக்கு ஒரு காயை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுகிறேன். அம்மாவுக்கு இதில் மனம் ஒப்பவில்லை, ஆனால் விட்ட காய் நன்றாகப் பருக்கிறது. காம்பிலும் காயிலும் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சோப்பு நீரில் துடைத்துவிடுவேன். இல்லையென்றால் பைக்குள் அதற்குத்தான் கொண்டாட்டம். பிறகு பையின் வாயைக் காம்பைச் சுற்றி மடித்து ஸ்டேப்ளர் அடிக்கிறேன். உள்ளே பழுத்ததா என்று தெரியாது என்பதால் வாரத்துக்கு ஒரு நிறம் என்று கம்பளி நூல் கட்டிவைக்கிறேன். சிவப்பு நூல் பைகளைத் திறக்கும் வாரத்தில் மஞ்சளைத் தொடுவதில்லை.

மொத்தத்தில் ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் போகிறது. சென்ற பருவத்தில் கொய்யாவில் 68 பைகள் கட்டினேன். ஐந்தில் மட்டும் புழு இருந்தது, ஐந்துமே கிழிந்த பைகள்.

பை கட்டினாலும் விழுந்த பழங்களைப் பொறுக்குவதை நிறுத்தக்கூடாது. புழு பழத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிச் சுமார் பத்து நாளில் ஈயாக வெளிவருகிறது. பொறுக்கியவற்றைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிச் சிமெண்டுத் தரையில் வெயிலில் போட்டுவிடுகிறேன். உரக்குழியில் போட்டால் நாமே ஈ வளர்த்ததாகும்.

ஏணிக்கு எட்டாத மாமரத்துக்குப் பை உதவாது. அங்கே புரத இரைதான் வழி என்று நினைக்கிறேன். முட்டை முதிரப் பெண் ஈக்குப் புரதம் தேவை. அதனால் ஈஸ்ட்டிலிருந்து எடுத்த புரதத்தில் சிறிது மருந்து கலந்து இலைகளில் ஆங்காங்கே புள்ளியாகத் தெளித்தால் ஆணோடு பெண்ணும் வந்து தின்னும். பழத்தின் மேல் மருந்து படாது. மாமாவின் மாமரத்தில் ஒரே ஒரு பருவம் செய்து பார்த்தோம். சேதம் குறைந்ததாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த ஆண்டு காய்ப்பே குறைவு, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

பாகற்கொடி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பாகலைத் தாக்குவது வேறு ஈ, அது மெத்தில் யூஜினாலுக்கு வராது. அதற்கு கியூலூர் என்ற வேறு வாசனைப் பொருள், அதுவும் ஆணை மட்டும் இழுக்கும். கொடியில் பூ வாடி விரல் நீளப் பிஞ்சு தெரிந்தவுடன் நீளமான காகித உறையை மேலிருந்து மாட்டி, அடியைத் திறந்து விடாமல் மடித்துக் கட்டிவிடுங்கள்.