ஃபேஸ் மாஸ்க் மாட்டிய பத்து மாதமும் மோவாய் வேர்க்குருவும்

அலுவலக நண்பர் தன் மகளின் எக்ஸ்ரேயை அனுப்பி, "உங்க பையனுக்கு மாட்டின ஃபேஸ் மாஸ்க்கையே சொல்றாங்க, போடலாமா?" என்று கேட்டார். மேல்தாடையை முன்னால் இழுக்க முகத்தில் மாட்டும் சட்டம் அது. ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை.

எட்டு வயதில் என் பையனுக்குக் கடித்தால் கீழ்ப்பல் வரிசை மேல்வரிசைக்கு முன்னால் வந்து நிற்கும். என் அப்பாவுக்கும் அதே தாடைதான். "வளர்ந்தா சரியாயிடும்" என்றார் அம்மா. டாக்டர் சொன்னது நேரெதிர்: மேல்தாடையை முன்னால் இழுக்கப் பத்து வயதுக்குள்தான் நல்ல நேரம்.

முதலில் அண்ணத்தில் எக்ஸ்பாண்டர், மேல்தாடையை அகலமாக்கும் திருகுக் கருவி. சாவியால் ஒரு திருப்பு, கால் மில்லிமீட்டர். சாவியை எடுக்கும்போது கை லேசாகப் பிசகினாலும் அடுத்த துளை மறைந்துவிடும். மறுநாள் டார்ச் அடித்துத் தேட வேண்டும். முன்பற்களுக்கு நடுவே சந்து விழுந்ததும் நான் பதறினேன். அவன் அதன் வழியே தண்ணீர் பீய்ச்சி விளையாடினான். அது தானாக மூடியது.

என் கோபமெல்லாம் மாஸ்க்கின் மோவாய்ப் பட்டை மேல்தான். நெற்றியிலும் மோவாயிலும் அழுந்தும் சட்டம், வாய்க்குள்ளிருந்து முன்கம்பிக்கு இரண்டு ரப்பர் பேண்ட், நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம். இதைப் பரவலாக்கியவர் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் டெலேர் என்று படித்தேன். அவர் ஊரில் மே மாதம் எப்படியோ! இங்கே கரண்ட் போன ஒரு ராத்திரி போதும், காலையில் மோவாய் முழுக்க வேர்க்குரு. பழைய வேட்டித் துணியை மடித்து உள்ளே வைத்த பிறகுதான் அடங்கியது. யோசனை, "வளர்ந்தா சரியாயிடும்" என்ற அதே அம்மாவுடையது.

பத்தாம் மாதம் ஒரு கொய்யாவை முன்பல்லால் கடித்தான். அதுவரை எதையும் கடைவாயில் ஒதுக்கித்தான் கடிப்பான். அந்தப் பல் தடத்தை நானும் மனைவியும் மாறி மாறிப் பார்த்தோம்.

சரி, அப்புறம்? அதற்கு இரண்டு வருஷம் கழித்து, போன வாரப் பரிசோதனையில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நுனியோடு நுனி முட்டுகின்றன. கீழ்த்தாடை வளர்கிறதாம், பதினேழு பதினெட்டு வரை வளருமாம். 2016-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், சிறுவயதில் மாஸ்க் போட்டவர்களில் 36 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 66 சதவீதம் பேருக்கும் பின்னாளில் தாடை அறுவை தேவைப்படும் என்று கணித்திருந்தார்கள். நல்ல வித்தியாசம்தான். ஆனால் அந்த முப்பத்தாறில் என் பையன் இருந்தால்?

மறுபடி மாட்டச் சொல்லியிருக்கிறார்கள். பரணிலிருந்து இறக்கினேன், பட்டையில் இன்னும் வியர்வை வாடை. இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனாலும் நண்பருக்கு, "போடுங்க, ஆனா கோடை முடியட்டும்" என்று பதில் அனுப்பினேன்.