கொடைக்கானல் ஏரியில் தூண்டில்: கெண்டைக்கு மட்டும் வாருங்கள்

கொடைக்கானல் ஏரியைப் படகுச் சவாரி, சைக்கிள், குதிரை என்ற மூன்றோடு முடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறவர்களே மிகுதி. தூண்டிலையும் பெட்டியில் வைத்துக்கொண்டு மலையேறுகிற சிறு கூட்டமும் உண்டு. அந்த ஏரியில் என்ன மீன் இருக்கிறது, எப்போது கடிக்கும், பிடித்ததைச் சமைக்கலாமா என்ற கேள்விகளோடு வருகிற அவர்களுக்காகவே இந்த மதிப்புரை. பல பருவங்களில் அந்தக் கரையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கெண்டை ஏரி. பொறுமையுள்ளவர்களுக்கு நல்ல விளையாட்டு கிடைக்கும்; குழம்புக்கு மீன் தேடி வருகிறவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது.

மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், 1863-இல் சதுப்பான பள்ளத்தாக்கு ஒன்றில் ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டித் தேக்கிய நீர்தான் இந்த ஏரி. பரப்பு ஏறத்தாழ 24 ஹெக்டேர், அதாவது 60 ஏக்கர். சுற்றிவரும் சாலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். ஏரியின் சராசரி ஆழம் மூன்று மீட்டர் அளவே, மிக ஆழமான இடம் பதினோரு மீட்டர் என்பது தூண்டில்காரருக்கு முக்கியம். பெரும்பகுதி ஆழமற்ற, சேறு படிந்த அடிப்பகுதி என்று இதற்குப் பொருள். நட்சத்திர வடிவம் என்று சுற்றுலாக் கையேடுகள் புகழ்வதிலும் நமக்கு ஒரு பயன் இருக்கிறது: கைகளாக நீளும் ஒதுக்கங்களில் காற்று அடங்கியிருக்கும், அல்லியும் நீர்க்களையும் படர்ந்திருக்கும், கெண்டை அங்கேதான் மேயும்.

மீன் வளத்தைப் பற்றிப் பேசும்போது, இந்த மலைகளின் ஏரி மீன்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. ஆங்கிலேயர்கள் 1870-களிலேயே தங்கள் நாட்டுக் குளிர்நீர் மீன்களை ஊட்டி ஏரியில் விட்டுப் பார்த்தார்கள். ஓடைகளுக்கு டிரவுட் மீனைக் கொண்டுவந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் அதற்கென ஒரு குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது. ஆனால் இந்தியாவின் மலை ஏரிகளில் நிலைத்து நின்று பெருகியது, 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த கண்ணாடிக் கெண்டை. அங்கிருந்துதான் குளிர்ப்பகுதிகளின் மற்ற நீர்நிலைகளுக்கு இந்த வகை பரவியது. உடலெல்லாம் ஒழுங்காகச் செதில் போர்த்திய சாதாக்கெண்டை, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய செதில்கள் மட்டும் பதிந்த கண்ணாடிக் கெண்டை, செதிலே இல்லாத தோல் கெண்டை என மூன்றாகத் தெரிந்தாலும் மூன்றும் ஒரே இனம். சமவெளிக் குளங்களில் கொழிக்கும் கட்லாவும் ரோகுவும் இந்தக் குளிரில் வளர்ச்சி காட்டுவதில்லை என்பதால், அவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாறுவார்கள்.

கெண்டை இங்கே பெருகுவதற்குக் காரணம் அதன் உடற்கூறும் ஏரியின் இயல்பும் ஒத்துப்போவதுதான். பெண் மீன் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறத்தாழ ஒரு லட்சம் முட்டை இடும். முட்டைகள் ஒட்டும் தன்மை உடையவை, நீர்க்களைத் தண்டுகளில் பிடித்துக்கொள்ளும். ஆக, சுற்றுலாப் பயணிகளை முகம் சுளிக்க வைக்கும் களைதான் இந்த மீனுக்குத் தொட்டில். மறுபக்கம், குளிர்ந்த நீரில் வளர்ச்சி மந்தமாகவே இருக்கும். சமவெளிக் குளத்தில் ஓராண்டில் எட்டும் எடையை இங்கே எட்டப் பல ஆண்டுகள் ஆகலாம். குஞ்சு அதிகம், வளர்ச்சி குறைவு என்று இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் கரையில் தெரிகிறது: நானும் பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் தூக்கியவற்றில் பெரும்பாலானவை உள்ளங்கை அளவிலிருந்து முழங்கையில் பாதி வரையிலானவை. நல்ல எடையுள்ள மீன் இல்லாமல் இல்லை; மாலையில் அல்லி ஓரத்தில் அகன்ற முதுகு ஒன்று புரண்டு எழுவதைப் பார்த்தால் நம்பிக்கை வரும். ஆனால் அப்படிப்பட்ட மீன் கரையோரத்தில் தூண்டில்காரரின் மாவு உருண்டையைத் தின்று ஏமாந்து ஏமாந்து கற்றுக்கொண்ட மீன். அதை எதிர்பார்த்து ஒருநாள் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

நேரத்தைப் பற்றி ஒரு பொதுவான நம்பிக்கையை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. இருட்டோடு போய் உட்கார்ந்தால்தான் மீன் கிடைக்கும் என்று பலரும் சொல்கிறார்கள். விடுதிகளின் கழிவுநீரும் நகரக் கழிவும் கலந்து சத்து மிகுந்துபோன ஏரிகளில் பாசி பகலில் உயிர்க்காற்றை (ஆக்சிஜனை) வெளியிடும், இரவில் தானே அதை உட்கொள்ளும். ஆகவே விடிவதற்குச் சற்று முன்புதான் நீரில் உயிர்க்காற்று மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் கெண்டை மந்தமாகவே கிடக்கும். கொடைக்கானல் ஏரியில் கழிவுநீர் கலப்பது நீதிமன்றம் வரை போன பழைய விவகாரம் என்பதால், இந்தக் கணக்கு இங்கே நன்றாகவே பொருந்துகிறது. வெயில் நீரில் விழுந்து அரை மணி நேரம் கழித்து, படகுகள் கிளம்பிக் கரையோரத்தைக் கலக்குவதற்கு முன்பு ஒரு சிறு இடைவெளி கிடைக்கும். என் மீன்களில் பெரும்பங்கு அந்த இடைவெளியில் வந்தவையே. மாலையில் படகுகள் ஒதுங்கிய பிறகு இன்னொரு வாய்ப்பு உண்டு, ஆனால் அப்போது குளிர் விரல்களைப் பதம்பார்க்கும்.

மாதங்களைப் பொறுத்தவரை, ஜனவரியில் இரவு வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும்போது மீன் ஏறக்குறைய வாயை மூடிக்கொள்கிறது. ஏப்ரலும் மே மாதமும் நீர் வெதுவெதுப்பாகி இரை எடுக்கும் காலம். கோடை விழாவும் அப்போதே வருவதால் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி வழிந்து, அந்த நீரே கீழே வெள்ளி அருவியாக விழுகிறது; அப்போது நீர் கலங்கி, தக்கை தெரியாமல் போகும். என் தேர்வு, தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து அடுத்த மழை தொடங்குவதற்கு இடைப்பட்ட செப்டம்பர். கூட்டமும் குறைவு. எந்த மாதமானாலும், 2024 மே முதல் நடப்பிலுள்ள இ-பாஸ் முறையை நினைவில் வைத்துக்கொண்டு முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

தூண்டில் போடுவதற்கு மீன்வளத்துறையின் அனுமதி தேவை. உள்ளூர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்திச் சீட்டு வாங்கிக்கொண்டால் கரையில் யாரும் கேட்டாலும் தயக்கமின்றிக் காட்டலாம். இந்தச் சேவையில் என் முதல் குறை இங்கேதான்: சீட்டு கொடுக்கிறார்கள், ஆனால் எந்த அளவுக்குக் கீழ் உள்ள மீனைத் திருப்பி விட வேண்டும், எங்கே போடலாம், எங்கே கூடாது என்ற விவரம் எதுவும் எழுத்தில் கைக்கு வருவதில்லை. நான் போனபோது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கேட்டால் பொறுமையாகச் சொன்னார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

கருவிகளைக் கீழிருந்தே கொண்டுவருவது நல்லது. மேலே ஒரு கடையில் வாங்கிய தங்கூஸ் (தூண்டில் நரம்பு) பார்வைக்குப் புதிதாக இருந்தது; வெயிலில் தொங்கிக் கிடந்து இற்றுப்போயிருந்ததால், கிடைத்த ஒரே உருப்படியான மீனைக் கரைக்கு அரை அடி தூரத்தில் அறுத்து விட்டுவிட்டது. இங்கே கனமான ராடும் பெரிய ரீலும் தேவையில்லை. ஏழு எட்டு அடி மெல்லிய ராடு, மெல்லிய தங்கூஸ், சிறிய முள், நெட்டையான தக்கை, முள்ளுக்கு ஒரு சாண் மேலே பட்டாணியிலும் சிறிய ஈயம், இவ்வளவு போதும். இரையும் தரையை ஒட்டியே கிடக்க வேண்டும், ஏனென்றால் வாயோரம் இரண்டு இணை மீசையால் சேற்றைத் துழாவி மேயும் மீன் இது. கோதுமை மாவைச் சற்று இறுக்கமாகப் பிசைந்து, பஞ்சு நூல் கொஞ்சம் சேர்த்து உருட்டினால் நீரில் சீக்கிரம் கரையாது. வேகவைத்த மக்காச்சோளம் சிறுமீன்களின் தொல்லையைக் குறைக்கும். மண்புழுவுக்குக் கடி அதிகம், பிடிபடுவதோ குஞ்சுகள்.

கடிக்கும் விதத்தைக் கவனிக்கப் பழக வேண்டும். சமவெளியில் ஜிலேபி மீன் இழுப்பதுபோல் தக்கை சடாரென்று அமிழாது. முதலில் ஒரு நடுக்கம், பிறகு அமைதி. இரையை உறிஞ்சிய கெண்டை தலையை நிமிர்த்தும்போது ஈயமும் சேர்ந்து மேலே எழும், அதனால் நின்றிருந்த தக்கை மெல்லச் சாய்ந்து நீர்மேல் படுத்துக்கொள்ளும். புதியவர்கள் இரை போய்விட்டது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிற கணம் அதுதான். அப்போதே மணிக்கட்டை மட்டும் தூக்க வேண்டும். மாட்டிய பிறகு மீன் ஆழத்துக்கு ஓடாமல் களைக்குள் நுழையவே பார்க்கும். நுழைந்துவிட்டால் தங்கூஸ் தண்டுகளில் சிக்கிக்கொள்ளும், இழுப்பதில் பயனில்லை. தளர்த்திவிட்டுக் காத்திருந்தால் சில சமயம் தானே வெளியே வரும்.

இடத்தைப் பொறுத்தவரை, படகுத்துறையிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. பல இடங்களில் வேலி இருப்பதால் நின்று போட இடம் தேடி நடக்க வேண்டியிருக்கும். அதிகாலையில் ஏரிச் சாலையில் காட்டுமாடு நிற்பது இங்கே சாதாரணம். அது நின்றால் நீங்களும் நில்லுங்கள். ராடைத் தூக்கிக் காட்டி விரட்டப் பார்க்கிற வீரர்களை நான் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் நிற்கத்தான் விரும்பவில்லை.

சமைக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஊரிலிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு வெளியே கொட்டப்பட்டது தெரியவந்து 2001-இல் மூடப்பட்டது. அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஹைதராபாத் ஆய்வகம் ஒன்று 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் பாதரச அளவு இதே மலையிலுள்ள பேரிஜம், குக்கல் ஏரிகளைவிடக் கூடுதலாக இருந்தது. ஏரி மீன்களிலும் பாதரசம் காணப்பட்டது. வண்டலில் தங்கும் பாதரசத்தை அங்குள்ள நுண்ணுயிரிகள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன; அது உணவுச் சங்கிலி வழியே ஏறி மீனின் தசையில் சேர்கிறது. தசையில் சேர்ந்திருப்பதால் தோலை உரித்தாலும், குடலை அகற்றினாலும், மஞ்சள் போட்டுக் கழுவினாலும், எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் போகாது. வயது கூடிய பெரிய மீனில் அளவும் கூடும். கெண்டையோ வண்டலைக் கிளறியே வாழ்வது. ஆண்டுகள் கடந்துவிட்டன, இன்றைய அளவு வேறாக இருக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. இருந்தாலும் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு இந்த ஏரி மீனை நான் எடுத்துச் செல்லமாட்டேன், பிறருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

அப்படியானால் பிடித்த மீனைத் திரும்ப ஏரியிலேயே விடுவதுதான் வழி. அதிலும் ஒரு நெருடல் இருக்கிறது. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் சாதாக்கெண்டையும் இடம்பெற்றிருக்கிறது. சேற்றைக் கிளறி நீரைக் கலக்கி, அடித்தாவரங்களை வேரோடு பிடுங்கிப் பிற மீன்களின் வாழ்விடத்தைக் கெடுப்பது அதன் வழக்கம். அதைத் திருப்பி விடுவது ஏரிக்கு நன்மை செய்வதாகாது என்று வாதிடலாம். ஆனால் மனிதர் கட்டிய ஏரி இது. ஒரு தூண்டில்காரர் அள்ளிப்போகும் சில மீன்களால் லட்சக்கணக்கில் முட்டையிடும் இனத்தின் எண்ணிக்கை அசையப்போவதுமில்லை. நான் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையை இடுக்கியால் நசுக்கிவிட்டே தூண்டில் போடுகிறேன். கையை நனைத்துக்கொண்டு பிடித்தால் மீனின் வழவழப்புப் பூச்சு உரியாது, முள்ளும் ஒரு திருகில் கழன்றுவிடும். பிடித்ததை வேறு குளத்துக்கோ ஓடைக்கோ எடுத்துச் சென்று விடுவதை மட்டும் ஒருபோதும் செய்யக் கூடாது.

பேரிஜம் ஏரியில் போடலாமே என்று கேட்கிறவர்களுக்கு: அது வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள குடிநீர் ஏரி, உள்ளே நுழையவே அனுமதி வேண்டும், தூண்டிலை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

மொத்தத்தில் மீனுக்கு ஐந்தில் மூன்று, இடத்துக்கு நான்கு, சேவைக்கு இரண்டு மதிப்பெண் தருவேன். சேவைக்கான மதிப்பெண் உயரப் பெரிய செலவொன்றும் தேவையில்லை. எந்த ஆண்டு எந்தக் குஞ்சு எவ்வளவு விடப்பட்டது, மீனில் பாதரசம் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, எவ்வளவு இருந்தது என்ற விவரங்களைத் தமிழில் எழுதி, அனுமதிச் சீட்டு கொடுக்கிற இடத்தில் ஒரு பலகை வைத்தால் போதும்.