சக்கை நாருக்கு சல்பேட்டா, கார்பாக்சிமெத்திலா?

சக்கைச் (பலாப்பழச்) சுளைகளுக்கு நடுவே கிடக்கும் நாரை யாரும் தின்பதில்லை, ஆனால் அதில் ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் என்ற நார்ச்சத்து நிறைய உண்டு. அதை எடுத்துச் சர்க்கரை நோய்க்கு உதவுகிற மாதிரி மாற்ற முடியுமா என்று நாகர்கோவிலில் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குடலில் மாவுச்சத்தைக் குளுக்கோஸாக உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியைப் பெக்டின் அப்படியே கொஞ்சம்தான் தடுக்கும். பெக்டின் மூலக்கூறு ஒரு நீளச் சங்கிலி, அதில் சல்பேட், கார்பாக்சிமெத்தில் என்ற வேதித் தொகுதிகளில் ஒன்றை ஏற்றினால் தடுப்பு கூடலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டுக் கார்பாக்சிமெத்தில் பக்கம் நிற்கிறேன்.

சல்பேட் பலவீனமானது என்று சொல்ல மாட்டேன், என் சோதனைத் தட்டில் நொதி வேலை செய்தால் வரும் மஞ்சள் நிறம் அதில்தான் அதிகம் மங்கியது. சிக்கல் ஈரம். சல்பேட் ஏற்ற, குளோரோசல்போனிக் அமிலத்தை ஐஸில் வைத்த பிரிடின் என்ற கரைப்பானில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், தண்ணீர் பட்டால் சீறும். நம்ம ஊரில் சக்கை குவிகிற நேரத்தில்தான் ஜூன் மழையும் வரும், அது ஓய்ந்து மூச்சுவிட்டால் ஐப்பசி மழை. நன்றாகக் காய்ந்த பொடிகூட மூடியைத் திறந்து எடை போடுவதற்குள் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அந்த ஈரத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கந்தக அமிலமும் உண்டாகி, சூட்டில் பெக்டின் சங்கிலியையே அறுத்துவிடும். இரண்டு தடவை எனக்கு மிஞ்சியது பழுப்புக் கூழ்தான்.

அப்புறம், சல்பேட் ஏறிய பாலிசாக்கரைடு (பெக்டின் மாதிரி சர்க்கரைச் சங்கிலி) ஹெப்பாரின் மருந்து போல இரத்தம் உறைவதைத் தடுக்கக்கூடும். சர்க்கரை நோயாளிகளில் பலர் ஏற்கெனவே இரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின் எடுக்கிறவர்கள். என் அம்மாவும் அப்படித்தான், அதனால் இதை லேசாக விட முடியவில்லை.

கார்பாக்சிமெத்தில் வழிக்குத் தண்ணீர் எதிரி இல்லை. ஐசோப்ரொபனாலில் கலக்கி, காஸ்டிக் சோடா சேர்த்து, மோனோகுளோரோ அசிட்டிக் அமிலம் விட்டுச் சில மணி நேரம் சூடாக்கினால் போதும். அந்த அமிலம் தோல் வழியாகவே உடலில் ஏறும் நஞ்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். காரத்தில் சூடு கூடினாலும் பெக்டின் அறும், நான் 50 டிகிரியைத் தாண்டுவதில்லை. அகச்சிவப்பு நிறமாலையில் 1600 cm⁻¹ஐ ஒட்டி வரும் முகட்டைப் பார்த்துக் கார்பாக்சிமெத்தில் ஏறிவிட்டது என்று நம்பிவிட வேண்டாம், பெக்டினுக்கே அது உண்டு. மோனோகுளோரோ அசிட்டிக் அமிலம் விடாமல் அதே காரத்தில் வைத்த பெக்டினையும் மாற்றிய பெக்டினையும் டைட்ரேஷன் (காரம் சொட்டி அமில அளவைக் கணக்கிடுவது) செய்து ஒப்பிடுங்கள்.

செலினியம் என்ற தாதுவை ஏற்றும் வழியும் இருக்கிறது. தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி குறைவு என்பதால் நான் தொடவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், நான் பார்த்ததெல்லாம் ஈஸ்ட் நொதியில். இதே நொதியைத் தடுக்கச் சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் ஆகார்போஸ் மாத்திரையே ஈஸ்ட் நொதியிடம் தடுமாறும், எலிக் குடல் நொதியை நன்றாக அடக்கும். அப்படியிருக்க சல்பேட் முந்திய என் வரிசையும் அங்கே மாறலாம். அடுத்த சக்கைக் காலத்தில் இரண்டையும் எலிக் குடல் நொதியில் வைத்துப் பார்க்கப்போகிறேன்.