பி0171 வந்தால் எதைப் பார்க்கிறேன்: ப்ளூடூத் ஸ்கேனரோடு சில வருடங்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகி, காரின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் பார்க்க உதவும் இஎல்எம்327 வகை ஸ்கேனரைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். ஒரு தடவை டேங்க் நிரப்பும் செலவுகூட ஆகாது. வாங்குகிறவர்களில் பலர் எரர் கோட் என்ன என்று பார்த்து அழிப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை இதன் உண்மையான பயன் ஃபியூயல் ட்ரிம்மைப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

என் பழைய பெட்ரோல் காரில் செக் என்ஜின் விளக்கு எரிந்தபோது வந்த கோட் பி0171. கலவை லீன், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் வேண்டும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சுவதாக ஆக்சிஜன் சென்சார் சொன்னால், ஈசியூ, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறக்கும். எத்தனை சதவீதம் கூட்டியது என்பதுதான் ட்ரிம். ப்ளஸ் 10க்குள் இருந்தால் பயமில்லை. 20, 25 என்று ஏறி அங்கேயே நின்றால் விளக்கு எரியும்.

ஒர்க்‌ஷாப்பில் உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லைவ் டேட்டாவில் முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் இடையே சுறுசுறுப்பாக ஏறி இறங்கியது. ஈசியூ கூட்டிக் கொடுக்கும் பெட்ரோலை உடனுக்குடன் உணரும் சென்சாரை ஏன் கழற்ற வேண்டும்? சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் ஓட்டை இருந்தால் அது பொய் சொல்லும். அதையும் பார்த்தோம், இல்லை.

என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஷார்ட் டேர்ம் (அந்தந்த நொடித் திருத்தம்), லாங் டேர்ம் (நாள்பட்ட திருத்தம்) இரண்டு ட்ரிம்மையும் கூட்டிப் பார்த்தேன். ஐடிலில் 20க்கு மேல். 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 5க்குப் பக்கத்தில். இந்த இறக்கம் முக்கியமான துப்பு. ஐடிலில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டின் உறிஞ்சல் பலமாக இருக்கும், மொத்தக் காற்றோ குறைவு. அப்போது சின்ன விரிசல் வழியே நுழையும் காற்றுகூடக் கலவையைக் கெடுத்துவிடும். ரேஸ் பண்ணும்போது மொத்தக் காற்று பெருகுவதால் அதன் பங்கு சுருங்கிவிடும். காற்றுப் பாதைக்குள் புகையைச் செலுத்திக் கசிவைத் தேடும் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொன்னேன். என்ஜினுக்குள் சேரும் வாயுவை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸ் வளையும் இடத்தில், அடிப்பக்கமாக, விரிசலிலிருந்து புகை கசிந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அந்த ரப்பர் ஹோஸின் விலை சென்சார் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

இந்தக் கணக்கு, உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள என்ஜினுக்குத்தான் இவ்வளவு தெளிவாகப் பொருந்தும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் வைத்து ஓடும் சின்ன கார்களில் ஏர் லீக் இருந்தால் பெரும்பாலும் ஐடில் உயர்ந்து நிற்கும், ட்ரிம் அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது.

பிறகு ஒருமுறை அதே கோட், நேரெதிர் நடத்தை. ஐடிலில் ட்ரிம் சாதாரணம். சேலத்திலிருந்து தர்மபுரி போகையில் தொப்பூர் ஏற்றத்தில் விறுவிறுவென ஏறியது, வண்டியும் இழுக்கவில்லை. லோடில் ஏறினால் பெட்ரோல் வரத்தையோ அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சாரையோ சந்தேகிக்க வேண்டும். இரண்டில் எது என்பதை என் ஸ்கேனர் சொல்லவில்லை. பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்தபோதுதான் பம்பின் அழுத்தம் குறைவு என்று தெரிந்தது. டேங்குக்குள் ஃபில்டர் அடைத்திருந்தது.

20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்தபின் என் ட்ரிம் சில சதவீதம் மேலே போயிருக்கிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்கு எரிபொருள் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அது பழுது இல்லை.

குறைகளும் உண்டு. ப்ளூடூத்தில் எண்கள் தாமதமாகத்தான் மாறும். செருகியபடியே வாரக்கணக்கில் நிறுத்தினால் பேட்டரி இறங்கும்.

விளக்கை அணைக்க பேட்டரி டெர்மினலைக் கழற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். கோட் விழுந்த நொடியின் ஆர்பிஎம், லோடு, ட்ரிம் எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேமில் பதிந்திருக்கும். டெர்மினலைக் கழற்றினால் அதுவும் சேர்ந்து போய்விடும். அதை முதலில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.